விண்டோ திறக்காத பதினோரு நாள்

எனக்குப் போனில் பொறுமை அதிகம் என்று ஆபீஸில் எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான், சார். சர்வர் அறையில் எனக்குப் பேச்சுத்துணை ஏசி மட்டும்தான். யாராவது கூப்பிட்டால் சீக்கிரம் வைக்க மனம் வராது.

பாலங்களுக்குப் படம் வரையும் அந்தப் பெண் வீட்டிலிருந்து வேலை பார்த்தார். கணவர் ஆக்சிஜனில் இருந்தார். குழாய் மடங்கினால் நிமிர்த்திவிட ஆள் வேண்டும். வரையும் மென்பொருள் எங்கள் சர்வரில் ஓடும், அதன் விண்டோ மட்டும் அவர் லேப்டாப்பில் திறக்கும். சர்வரைப் புதுப்பித்த மறுநாள் அது திறக்கவில்லை.

"உள்ள போக முடியுதுண்ணா. விண்டோ மட்டும் வரமாட்டேங்குது," என்றார்.

உள்ளே போக முடிந்தால் யாரும் சர்வரைச் சந்தேகப்பட மாட்டார்கள். நான் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்தேன். விண்டோவை வெளியே அனுப்பும் வரி, புதுப்பித்தபோது 'நோ' என்று மாறியிருந்தது. ஒரு சொல்லைத் திருத்தினால் போதும்.

ஆனால் அதற்குள் அவர் கணவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தார். என்னிடம் யாரும் அப்படி மனம்விட்டுப் பேசியதில்லை. அதனால் கோளாறை லேப்டாப்பிலேயே தேடச் சொன்னேன். கட்டளையில் அடித்தது பெரிய 'எக்ஸ்' எழுத்தா, சின்ன 'எக்ஸ்' எழுத்தா பாருங்கள். அனுமதிக் கோப்பை அழியுங்கள். எல்லாவற்றையும் மறுபடி நிறுவுங்கள். வெண்ணெய் என் கையில் இருக்க, பதினோரு நாள் அவரை நெய்க்கு அலையவிட்டேன்.

பதினோராம் நாள் சாயங்காலம் குரல் உடைந்து கூப்பிட்டார். "நாளைக்கு ஆபீஸுக்கு நேர்ல வந்து படத்தை முடிச்சுக் குடுக்கணுமாம். இவரை விட்டுட்டு எப்படிண்ணா வர்றது? இன்னைக்குள்ள சரியாயிடுமா?"

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன்மா."

மறுநாள் காலையில் வந்தார். என் பக்கத்து மேஜையில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். பத்தரை மணிக்கு வீட்டுக்குப் போன் செய்தார்; கணவர் எடுக்கவில்லை. பையை எடுத்தவரிடம், "தூங்கிட்டிருப்பாரு, உக்காருங்க," என்றேன். ஒரு மணிக்குத்தான் கிளம்பினார். குழாய் கட்டில் சட்டத்தில் மாட்டி மடங்கியிருந்ததாம்.

சாவு வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தர்தாண்ணா கடைசி வரைக்கும் எனக்காகப் போராடினீங்க," என்று அழுதார். நானும் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை, சார்.

ஆமாம், தெரிந்தேதான் விட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். இப்போது தினமும் எனக்குத்தான் போன் செய்கிறார். பாவம், அவருக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?