வேண்டாமென்ற ரத்தம்

திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ் கிளம்பியதும் முன்சீட்டு மாமி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "எங்காத்துக்காரர் ரத்தத்தை வேண்டாம்னுட்டா, கேட்டோ!"

"யாருக்குக் கொடுக்கப் போனார்?"

"ஆராய்ச்சிக்கு. பக்கத்தாத்து மணி மாமாவுக்கு கிட்னியில கேன்சரோல்லியோ? அந்த வியாதியில உடம்புக்குள்ள துருப்பிடிக்கற மாதிரி ஒரு கேடு வருமாம். அதைத் தடுக்கற என்சைம் ரத்தத்தில எப்படி வேலை செய்யறதுன்னு டாக்டர்கள் பாக்கறா. ஒத்துப் பாக்க, வியாதியில்லாதவா ரத்தமும் வேணும். மாமாவே வலியசாலை அக்ரஹாரம் முழுக்க ஒவ்வொரு ஆத்துலயும் ஏறி ஆள் பிடிச்சார்."

"அதனால அவருக்குக் குணமாகுமா?"

"ஆகாது. தெரிஞ்சுதான் அலைஞ்சார்."

"உங்காத்துக்காரரை ஏன் வேண்டாம்னா?"

"சிகரெட் பிடிக்கறவா ரத்தத்திலயும் அந்தத் துரு உண்டாம். மாமா முகத்தைப் பாக்க வெக்கப்பட்டுண்டு அன்னிக்கே பாக்கெட்டை எறிஞ்சவர், இன்னும் தொடலை. நான் எத்தனை வருஷம் கத்தினேன்!"

"அப்போ ஆராய்ச்சி முடியறதுக்கு முன்னாடியே மணி மாமா ஒருத்தரைப் பிழைக்க வெச்சாச்சு."