பத்தொன்பதாம் நம்பர் அட்டை

– அண்ணே, குனிஞ்சு மூச்சு விடாதீங்க, ஈரம் பட்டுடும்! மூலையப் பாருங்க, ஒண்ணு கூட மழுங்கல. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி மிட்டாய் பாக்கெட்டுக்குள்ள வந்த ஃபுட்பால் அட்டைன்னா யாராவது நம்புவாங்களா?

– மூலை கிடக்கட்டும் தம்பி. இது பத்தொன்பதாம் நம்பர்தானே? அந்த மாற்று கோல்கீப்பர்?

– அவரேதான். ஒரே ஒரு மேட்ச் ஆடினாரு, ஆறு கோல் விட்டாரு, பெட்டியக் கட்டிட்டாரு.

– அந்த ஆளுக்கா அஞ்சாயிரம் கேக்குற?

– அதனாலதாண்ணே! பெரிய பெரிய ஆட்டக்காரங்க அட்டையெல்லாம் பொத்திப் பொத்தி வச்சாங்க, இப்ப எங்க பார்த்தாலும் கிடைக்குது. இவரை யாரு சீந்தினாங்க? சைக்கிள் சக்கரத்துல சொருகி, டரடரன்னு ஓட்டியே கிழிச்சுட்டாங்க. எனக்குத் தெரிஞ்சு மிச்சம் ஏழோ எட்டோதான். நாலு மணிக்கு இன்னொருத்தர் வேற வர்றாரு.

– ஐயையோ, அவருக்குக் குடுத்துடாதப்பா! அஞ்சாயிரத்தையும் கையோட கொண்டு வந்திருக்கேன். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன், இதுக்கு மேல ஒத்தப் பைசா தேறாது.

– அவ்வளவு ஆசையா? உங்க சொந்தக்காரரா?

– நீ இதை எத்தனை நாளா பார்த்துட்டு இருக்க?

– ரெண்டு வாரமா, லென்ஸ் வச்சு. ஓரம், வெட்டு, அச்சு மை, எதையும் விடல.

– மூஞ்சி?

– மூஞ்சிய யாருண்ணே பார்க்கறா? விலை மூலையிலதான இருக்கு.

– லென்ஸைக் கீழ வை. அட்டையப் பாரு. இப்ப என்னைப் பாரு.

– ...அண்ணே! அட்டையில இருக்கற அதே மடங்கின காது!

– போட்டோ எடுத்த அன்னிக்கு அந்த மனுஷன் வரவே இல்ல, நல்லாத் தூங்கிட்டாரு. டீம் பஸ் ஓட்டினது நான். “ஜெர்சிய மாட்டிட்டு நில்லுய்யா”ன்னாங்க, நின்னேன். அவ்வளவுதான். இதைச் சொன்னா என் பொண்டாட்டி இன்னிக்கு வரைக்கும் நம்பல. புளுகுமூட்டைன்னே பேர் வச்சிட்டா, பேரப்பிள்ளைங்க முன்னாடி கூட. கொண்டு போய் அவ மூக்குக்கு நேரா நீட்டணும் தம்பி!

– அண்ணே! ஆள் மாறின அட்டை! வெளிய தெரிஞ்சா கண்ண மூடிட்டு அம்பதாயிரம் போகும்! இந்தாங்க பேப்பர், “இது நான்தான்”னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க!

– இரு, இரு. அம்பதாயிரமா? எனக்குமா?

– தப்பா நினைக்காதீங்கண்ணே, வியாபாரம்...

– நான் எழுதிக் குடுக்கலன்னா?

– அந்த கோல்கீப்பரும் போய்ச் சேர்ந்துட்டாரு, வேற சாட்சி ஏது? யாரும் ஒத்துக்க மாட்டாங்க. பழையபடி அஞ்சாயிரம்தான்.

– அப்ப இந்தா அஞ்சாயிரம், கவர்ல போடு. அது நான் இல்லப்பா, சத்தியமா அந்த கோல்கீப்பர்தான். நான் வீடு போய்ச் சேர்ற வரைக்கும்.