எட்டுக்காலிக்குக் குடை

மட்டாஞ்சேரி படகுத்துறை வரிசையில் எனக்கு முன்னால் அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள். அக்கா குடையைத் தலைக்குப் பிடிக்காமல் துணிப்பையின் மேல் பிடித்திருந்தாள்.

“ஒரு எட்டுக்காலி மேல பொறாமைப்படறேன்டீ, எனக்கே வெட்கமா இருக்கு.”

“அத்திம்பேர் ஆராய்ச்சிக்கு வளர்க்கறதா?”

“அதேதான். சூடு தாங்கலைன்னா அது வலை கட்டாம ஒடுங்கிக்குமாம். லேசா ஒடுங்கினாலே கண்டுபிடிச்சு, தண்ணி தெளிச்சு நிழல்ல வைக்கறார். நேத்து நான் ஜுரத்துல சுருண்டு கிடக்கேன், ‘சாயா ஆயாச்சா?’ன்னு கேக்கறார்.”

“இப்போ அது எங்கே?”

அக்கா பையைத் திறந்தாள். உள்ளே ஒரு கண்ணாடி ஜாடி.

“லேபுல கொண்டு குடுக்கணுமாம்.”

“நன்னாயிருக்கு! குடையை உன் தலைக்குப் பிடி அக்கா, வேர்த்து ஒழுகறது.”

“வேண்டாம்டீ. இது வாடினா அவருக்குத் தெரிஞ்சுடும்.”