சுவருக்கு அந்தப் பக்கம் போகும் தண்ணீர்

புதுக் குழாயில் தண்ணீர் குறைவாக வந்தால், முதலில் அதன் வாயில் இருக்கும் சல்லடையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பொருத்தும்போது உதிர்ந்த துருவும் மண்ணும் பெரும்பாலும் அங்கேதான் தங்கும். பக்கத்து வீட்டு எம்லினுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

எங்களுடையவை மலைச்சரிவில் ஒன்றையொன்று ஒட்டிக் கட்டிய பழைய சுரங்கத் தொழிலாளர் வீடுகள். எம்லினோ அவர் மனைவி நெஸ்டாவோ தும்மினால் எனக்குக் கேட்கும். தண்ணீரும் இரண்டு வீட்டுக்கும் பொது. தெருவிலிருந்து என் சமையலறைக்குள் வந்து, எனக்கு ஒரு கிளை பிரிந்த பிறகு, சுவரைத் தாண்டி அவர்களுக்குப் போகிறது. தாண்டும் இடத்தில், என் பாத்திரத் தொட்டிக்குக் கீழே, ஒரு பித்தளை வால்வு. அது அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

என் தம்பி ஹவெலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் கால்களை இழந்தவன். அவனுடைய சக்கர நாற்காலி இறங்குவதற்காக வாசற்படிமேல் மரத்தில் ஒரு சரிவுப் பாதை போட்டிருந்தேன். தினமும் அதில் இறங்கி மதுக்கடைக்குப் போவான், பாடிக்கொண்டே திரும்புவான். நடைபாதையை அடைக்கிறது என்று யாரோ நகரசபையில் புகார் கொடுத்தார்கள். ஆட்கள் வந்து பிடுங்கிப் போனார்கள். பக்கத்து வீட்டுப் புகார் என்று அவர்களில் ஒருவன் வாய்தவறிச் சொல்லிவிட்டான். வேலியோரம் எம்லினைக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா ஓல்வென். நான்தான் குடுத்தேன்."

அதன்பின் ஹவெல் வெளியே போகவில்லை. அவனைத் தூக்கி இறக்க எனக்குத் தெம்பில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே ஜன்னலோரம் உட்கார்ந்தபடி போய்விட்டான்.

நான் சத்தம் போடவில்லை. அடக்கத்துக்கு வந்த எம்லினுக்குத் தேநீர்கூடக் கொடுத்தேன்.

மறுவசந்தத்தில் அவர்கள் மாடியில் புதுக் குளியலறை கட்டினார்கள். எம்லின் பளபளக்கும் குழாய்களைக் காட்ட என்னைக் கூப்பிட்டார். மறுநாள் அவர் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டதும் குனிந்து வால்வைக் கொஞ்சம் திருகி மூடினேன். அவர் இறங்கியதும் திறந்துவிட்டேன். பிறகு தினமும் அப்படித்தான். பழகிவிட்டால் பெரிய வேலையில்லை.

"நெஸ்டா, வந்து பாரு! மூக்கு ஒழுகுற மாதிரி ஒழுகுது!"

நெஸ்டா ஏறிப் போவதற்குள் நான் திறந்துவிடுவேன், தண்ணீர் கொட்டும்.

சல்லடையைக் கழற்றி வினிகரில் ஊறப் போடச் சொன்னேன். செய்தார். தொட்டிக்குப் பின்னால் வளைகுழாய் மடங்கியிருக்கிறதா பார்க்கச் சொன்னேன். அவர் தரையில் படுத்துப் பார்த்தார். நான் டார்ச் பிடித்தேன். பிளம்பர்கள் வந்தார்கள். அவர்கள் இருக்கும்போது நான் வால்வைத் தொடுவதில்லை. ஒருவன் போகும்போது வாசலில் நின்று சிரித்தான்.

"தாத்தா, இந்தத் தண்ணியில ஆத்துமீனே நீந்தும். இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

நெஸ்டா தங்கை வீட்டில் அடிக்கடி தங்க ஆரம்பித்தாள். சுவர் வழியாக அவள் குரல் கேட்கும். "அடைப்பு குழாய்ல இல்ல எம்லின், உன் மண்டையில இருக்கு. டாக்டரப் போய்ப் பாரு."

அவர் மெலிந்தார். சவரம் செய்துகொள்வதை விட்டார். ஒருநாள் வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நீங்க சொல்லுங்க ஓல்வென், எனக்குப் பைத்தியமா?"

"யாருக்குத்தான் வயசாகல, எம்லின்," என்றேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நெஸ்டா தேவாலயப் பாட்டுக்குழுவுக்குப் போயிருந்தாள். கைகழுவும் தொட்டியின் அடியில் ஒரு மரை இறுகிவிட்டதாம். அதைச் சூடுகாட்டிக் கழற்ற எம்லின் தீச்சுடரைப் பீய்ச்சும் ப்ளோலாம்ப் ஒன்று வாங்கி வந்திருந்தார். பக்கத்தில் துண்டு தொங்கும், மரப்பலகை இருக்கும், கவனம் என்று நான்தான் எச்சரித்தேன். அவர் மாடி ஏறினார். வழக்கம்போல நானும் வால்வைத் திருகித் தண்ணீரைக் குறைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் அலறினார். சட்டை பற்றிக்கொண்டது என்று அலறலிலேயே தெரிந்தது. குளியல் தொட்டிக் குழாயை அவர் திருகுவது என் வீட்டுக் குழாயில் ஓசையாக வந்தது. என் கை வால்வின்மேல்தான் இருந்தது. இடப்பக்கம் திருப்பினால் முழுதாகத் திறக்கும்.

வலப்பக்கம் திருப்பினேன். முழுதாக மூடும்வரை.

சத்தம் அடங்கியபின் திறந்துவிட்டு, தீயணைப்பு நிலையத்துக்கு போன் செய்தேன். அவர்கள் வந்தபோது குளியல் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்ததாம். பக்கத்திலேயே அவர் பிணமாகக் கிடந்தார். இவ்வளவு தண்ணீர் இருந்தும் இந்த மனுஷன் ஏன் அணைக்கவில்லை என்று அவர்களுக்குப் புரியவில்லை. நீங்களும் போன வாரம் அதையேதான் கேட்டீர்கள்.

நெஸ்டாவுக்குத் துணையாக இருந்தேன். தினம் சூப் வைத்துக் கொண்டுபோனேன். நேற்று அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

"ஹவெல் விஷயத்துல புகார் குடுத்தது நான் ஓல்வென். அவன் பாட்டு எனக்குத் தாங்கல. எம்லின் வேணாம் வேணாம்னு கெஞ்சினாரு. அப்புறம் நீ என்கிட்ட பேசாமப் போயிடுவியோன்னு பழிய அவரே எடுத்துக்கிட்டாரு."

சூப் ஆறுகிறது, சாப்பிடு என்றேன். பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, காலையில் காவல் நிலையத்துக்கு உங்களைத் தேடி வந்தேன்.

நான் செய்ததை மறைக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: அன்று வேலியோரம் நான் நேராகத்தான் கேட்டேன். பொய் சொன்னவர் அவர்.