இடையில் இறங்கியவன்

விமானத்தில் ஜன்னல் ஓர இருக்கையைவிட நடைவழி ஓரம்தான் நல்லது. யாரையும் எழுப்பாமல் நம் பாட்டுக்கு எழுந்து போகலாம். டிராவல் ஏஜென்சியில் இத்தனை வருடம் வேலை பார்த்தவன் நான். கேட்டவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். என் அண்ணனுக்கு மட்டும் ஜன்னல் ஓரம் போட்டேன். அவனுக்கு மேகம் பிடிக்கும்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் அதட்டாமல் கேட்கிறீர்கள். அதனால் நானும் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு குறுக்குவழி உண்டு. ஓர் ஊருக்கு நேராகப் போகிற டிக்கெட்டைவிட, அதே ஊரில் விமானம் மாறி இன்னும் தள்ளிப் போகிற டிக்கெட் சில சமயம் மலிவாகக் கிடைக்கும். விவரம் தெரிந்தவர்கள் அதை வாங்கிக்கொண்டு, நடு ஊரிலேயே வெளியே நடந்துவிடுவார்கள். அடுத்த விமானத்தில் அவர்களுடைய இருக்கை காலியாகப் போகும். விமானக் கம்பெனிக்கு எரிச்சல். மற்றபடி யாருக்கும் நஷ்டமில்லை. ஒன்றில்தான் கவனமாக இருக்க வேண்டும். சரக்கில் போட்ட பெட்டி நடுவில் இறங்காது, கடைசி ஊருக்கே போய்விடும். எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எனக்காக ஒரே ஒரு தடவைதான் செய்தேன்.

அண்ணன் என்னைவிட மூத்தவன். சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, அவன் மனது ஐந்து வயதோடு நின்றுவிட்டது. உடம்பு மட்டும் வளர்ந்தது. அம்மா இருந்தவரை அவள் பார்த்துக்கொண்டாள். போன வருடம் அவள் போனதும் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

என் மனைவி முகம் சுளிக்கவில்லை. அவனுக்கு நகம் வெட்டினாள், சவரம் செய்துவிட்டாள், படுக்கை நனைந்தால் வாய் திறக்காமல் மாற்றிப் போட்டாள். முடியாதவன் நான்தான். அவன் மெல்லுகிற சத்தம் அடுத்த அறைவரை கேட்கும். வாயோரத்தில் எச்சில் நூலாக இறங்கிச் சட்டைப் பொத்தானில் தேங்கும். கழிவறைக் கதவைச் சாத்தமாட்டான். கை கழுவாமல் வந்து என் கன்னத்தைத் தடவுவான். தின்றுகொண்டிருப்பது ருசியாக இருந்தால், வாயிலிருந்து பாதியை எடுத்து என் தட்டில் வைப்பான். எதுவானாலும் தம்பிக்குப் பாதி என்று அம்மா பழக்கியிருந்தாள்.

இதையாவது சகித்திருப்பேன். அவனுக்கு என் முகம், ஐயா. அதே மூக்கு, அதே தாடை, முன்பல்லில் அதே இடைவெளி. வீட்டுக்கு வருகிறவர்கள், "அச்சு அசலா உங்களையே உரிச்சு வச்சிருக்கே" என்பார்கள். எதிரே அவன் சாப்பிடும்போது, நானே வாய் கோணி, எச்சில் ஒழுக உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். எனக்கு ஒரு வாய் உள்ளே இறங்காது. பெல்ட்டில் புது ஓட்டை போடுகிற அளவுக்கு இளைத்துவிட்டேன். அதை யாரும் விசாரிக்கவில்லை.

காப்பகத்தில் சேர்த்திருக்கலாமே என்று கேட்டீர்கள். மனைவி ஒப்பவில்லை. "அவரு என்ன உடைஞ்ச நாற்காலியா, கொண்டு போய்ப் போட்டுட்டு வர?" என்று கேட்டாள். தவிர, நம் ஊர்க் காப்பகம் என்றால் வாராவாரம் போய்ப் பார்க்க வேண்டும். நாலு பேர் கண்ணில் படும்.

வெளிநாட்டில் ஒரு பெரிய வைத்தியர் இருக்கிறார், ஒரு மாதம் தங்கிச் சிகிச்சை என்று அவளிடம் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது. என்னைப் பற்றி அவள் அவ்வளவு நல்லபடியாக நினைத்து நாளாகியிருந்தது. அவனுடைய பெட்டியை அவளே அடுக்கினாள். கடைசி நாட்டுக்கு இரண்டு பேருக்கும் விசா எடுத்தேன். நடுவில் விமானம் மாறுகிற நாட்டுக்கு எனக்கு மட்டும் எடுத்தேன். அவனுடைய பழைய சட்டைகள் எல்லாவற்றிலும், காலருக்கு உட்புறம், அம்மா சிவப்பு நூலில் எங்கள் போன் நம்பரைத் தைத்திருந்தாள். அதனால் எல்லாமே புதுச் சட்டையாக வாங்கினேன். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சட்டையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். போகிற வழியில் ஒரு விமானத்தைத் தவறவிட்டால், திரும்பி வருகிற டிக்கெட் தானாக ரத்தாகிவிடும். ஆக ரத்தானது என்னுடையதுதான். அவனுடைய ரிட்டர்ன் டிக்கெட் கடைசிவரை செல்லுபடியாகத்தான் இருந்தது. திரும்ப வழியில்லாமல் விட்டேன் என்று என்னைச் சொல்ல முடியாது.

நடு ஊரில் அவனுக்குச் சக்கர நாற்காலி கேட்டிருந்தேன். தள்ள வந்த பெண் நல்ல மாதிரி. அவன் எச்சிலைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்துவிட்டாள். நீங்களும் கூட வருகிறீர்கள்தானே என்று கேட்டாள். கழிவறைக்குப் போய்விட்டுப் பின்னாலேயே வருகிறேன் என்றேன்.

"தம்பி, நீயும் வா" என்றான் அண்ணன்.

"நீ முன்னாடி போ அண்ணா."

போய்விட்டான். வாசலுக்குள் மறைகிறவரை கையை ஆட்டிக்கொண்டே போனான்.

நான் எதிரே இருந்த காப்பிக் கடையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். உச்சரிப்பு தப்பாக இருந்தது. ஒரு காப்பியும் ரொட்டியும் வாங்கினேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நாக்குக்கு ருசி தெரிந்தது. இன்னொரு ரொட்டி வாங்கிச் சாப்பிட்டேன். கூப்பிடுவது நின்றது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அந்த விமானம் நகர்ந்தது. போய்க் கன்னத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். பாஸ்போர்ட்டைப் பார்த்து வெளியே விடும் அதிகாரி, எதற்காக எங்கள் நாட்டுக்கு வந்தீர்கள் என்று கேட்டார். ஓய்வெடுக்க என்றேன். உண்மையும் அதுதான்.

அண்ணன் போய் இறங்கிய கடைசி ஊரில் நடந்ததை நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விமான நிலையத்தின் வெளிவாசல் கூடத்தில் உட்கார்ந்தவன் யார் அழைத்தும் நகரவில்லையாம். வெளியே வருகிற வயதான பெண்கள் ஒவ்வொருவரையும் எழுந்து நின்று பார்த்தானாம். கொடுத்த ரொட்டியில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டானாம். பக்கத்து இருக்கைக்காரன் யார் என்று தேடி அவர்கள் என்னைக் கண்டுபிடிப்பதற்குள், கழிவறையில் வலிப்பு வந்து, கைகழுவும் தொட்டியில் தலை மோதி, முடிந்துவிட்டது. யாரும் கதவைத் திறந்து பார்க்க வெகுநேரம் ஆகியிருக்கிறது. அவன் எதில் கிடந்தான் என்பதைக்கூட நீங்கள் விவரமாகச் சொன்னீர்கள். அது தேவையில்லாத விவரம்.

அவனுடைய வலிப்பு மாத்திரைகள் என் கைப்பைக்குள் எப்படி வந்தன என்று கேட்டிருந்தீர்கள். அவசரத்தில் கொடுக்க மறந்துவிட்டதாக முதலில் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். மறக்கவில்லை. பெட்டியில் மனைவி வைத்திருந்ததை, அவள் குளிக்கப் போனபோது எடுத்துவிட்டேன். மாத்திரை இல்லாமல் அவன் இரண்டு நாள் தாங்கமாட்டான் என்று தெரியும். தெரியாத ஊரில் அவன் நெடுநாள் அல்லாட வேண்டாமே என்று நினைத்தேன்.

நேற்று நீங்கள் என் மனைவியைப் பார்க்கவிட்டீர்கள். நன்றி. அவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வாசப்படி தாண்டக்கூட நம்ம கையைப் பிடிச்சுக்குவாரே பெரியவரு. எப்படிங்க தனியா பிளேன் ஏறினாரு?"

உள்ளதைச் சொன்னேன். "அந்த ஊர்ல அம்மா இருக்காங்க, உனக்காக வாசல்ல காத்துக்கிட்டிருக்காங்கன்னு கிளம்பினதுலேர்ந்தே சொல்லிக்கிட்டு வந்தேன்."

"அத்தை செத்துட்டாங்கன்னு அவருக்குத் தெரியுமேங்க."

"தெரியும். ஆனா நான் சொன்னா நம்புவாரு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். வராந்தாவில் அவள் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. பாவம், வெறும் வயிற்றோடு வந்திருப்பாள். தண்ணீர் கொடுக்கும்படி காவலரிடம் சொன்னேன்.

அவள் ஏன் அப்படிப் போனாள் என்று ராத்திரி முழுவதும் யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பிடிபடவில்லை. அம்மாவிடம் போய்ச் சேருவாய் என்று அண்ணனிடம் சொன்னேன். சேர்ந்துவிட்டான். இதில் நான் சொன்ன பொய் எது, ஐயா?