தேனீக்கு விதைத்த செவ்வந்தி

திருக்கேதீஸ்வரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீற்றில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவவின் மடியில் கூடை நிறையச் செவ்வந்திப் பூ. பூ வாடவில்லை, கணவனுடைய முகம்தான் வாடியிருந்தது.

"உன்ர சாமியாலதான் என்ர தேனீயள் பட்டினி கிடக்குது" என்றார் அவர்.

நான் போனில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டேன்.

"முதல் வாங்கின பக்கற் செவ்வந்தி விதையை ஆழமாப் புதைச்சு அழுகிப்போச்சு. ரெண்டாவதுதான் முளைச்சது. தேனீ வந்தாத்தான் பூசணி காய்க்குமெண்டு இந்தச் செவ்வந்தியை வளர்த்தனான். நீ விடியமுன்னமே முழுக்க ஆஞ்சுபோடுறாய்."

"தேனீ மொய்ச்ச பூவைச் சாமிக்கு வைக்கேலுமே?"

"நாலு பூவையாவது செடியில விடன்."

"சாமிக்கு மிச்சம் பிடிக்கச் சொல்லுறியளோ?"

"அங்க பூசணிப் பிஞ்செல்லாம் கொட்டுண்டு போகுதடி!"

"ரெண்டு நிக்குதே. நேற்றுப் பாத்தனான்."

"அது நான் ஆண்பூவைப் பிடுங்கிப் பெண்பூவில தேய்ச்சதால நிக்குது. விடியக்காலமை கொடிக்குள்ள குந்தியிருந்து என்ர நாரி விட்டு, நிமிரேலாமக் கிடக்குது!"

அவ கூடையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு சொன்னா:

"அந்த வேலையை நீங்களே வடிவாச் செய்யுறியள். பிறகென்னத்துக்கு உங்களுக்குத் தேனீ?"