நாற்பது நொடிப் பிள்ளை

என் பெயரையும் விலாசத்தையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வயது முப்பத்து நான்கு. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை. தம்பியோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை கிடையாது. என்னை யாரும் ஆள் விட்டுக் கூப்பிடவில்லை, நானாகத்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

தம்பி பதினைந்து நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்க நினைத்தான். தயாரிப்பாளர் என்று யாரும் சிக்காததால் பொதுமக்களிடமே ஆளுக்குக் கொஞ்சமாகத் திரட்டலாம் என்று முடிவு செய்து, முன்னோட்டமாக ஒரு காட்சியை எங்கள் கடையின் பின்னறையில் செல்போனில் எடுத்தான். அதில் அம்மா வேஷம் எனக்கு. கடைப் பெயர் போட்ட சட்டையோடு நின்று, "எம் புள்ளைக்கு ஒரு கிட்னி கெடச்சா போதுங்க, வேற எதுவும் கேக்கல" என்று சொல்ல வேண்டும். எட்டாவது தடவை எடுத்ததும், "போதும்க்கா, ஓவரா பண்ணாத" என்றான். அதன் பிறகு அந்த நாற்பது நொடியை, "எங்கள் குறும்படத்துக்கு உதவுங்கள்" என்ற எழுத்தும் பணம் அனுப்ப ஒரு க்யூஆர் கட்டமும் சேர்த்துத் திங்கட்கிழமை இணையத்தில் போட்டான்.

அதன் பிறகு யாரோ ஒரு புண்ணியவான் அந்த எழுத்தை மட்டும் வெட்டிவிட்டு, அந்தக் கட்டத்தை அப்படியே வைத்து ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறார். எனக்கு அது தெரியாது. புதன்கிழமை கண்ணாடி வாங்க வந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "தைரியமா இரும்மா" என்று அழுதபோதுதான் தெரிந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பள்ளி நாடகத்திலிருந்து அன்றுவரை என் நடிப்பைப் பார்த்து ஒருவரும் கண்ணைத் துடைத்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம், அதையும் எழுதுங்கள்.

அன்று வீட்டுக்குப் போய்த் தம்பியைக் கேட்டேன். "தெரியும்க்கா. பணம் வந்துக்கிட்டே இருக்கு, ஞாயித்துக்கிழமை ஷூட்டிங். அதுவரைக்கும் வாயத் தொறக்காத, அப்புறம் எல்லாருக்கும் சொல்லிக்கலாம்" என்றான். "நீ உருப்படவே மாட்டடா" என்று திட்டினேன். திட்டினேனே தவிர, நானும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் முழுக்கக் கை ஓடவில்லை, இரண்டு லென்ஸ் விரிசல் விட்டது. போன் அடித்தால் எடுக்கவில்லை, அடிக்காவிட்டால் எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

அதன் பிறகு இன்று, வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு வேன் ஓட்டுநர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், என் சட்டையிலிருந்த கடைப் பெயரை வைத்து விசாரித்துக்கொண்டு வந்தார். கையில் ஆஸ்பத்திரி ஃபைல். "டெஸ்டெல்லாம் எடுத்துட்டேன்மா. ரெண்டு இருக்குல்ல, எனக்கு ஒண்ணு போதும். வீட்டுக்காரிகிட்ட மட்டும் இன்னும் சொல்லல, சொன்னா ரெண்டையும் அவளே புடுங்கிடுவா" என்று சிரித்தார். அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, அது படத்துக்காக எடுத்தது, நான் நடித்தேன் என்று சொல்லிவிட்டேன். அறைவார் என்று நினைத்தேன். அவர் ஃபைலை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "அப்பாடா! அப்ப புள்ளைக்கு ஒண்ணும் இல்லைல்ல?" என்று கேட்டார்.

பிள்ளையே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நல்லா இருக்கான்ணே" என்றேன். அவர் என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு யாரிடமும் சொல்லாமல் நேராக இங்கே வந்தேன்.

அவரிடம் கடைசியாகச் சொன்னது பொய். இந்தத் தாளில் பொய் இல்லை. வாசித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது.

(கையொப்பம்)